கரைத் தூண்டிற்கலை: தொடங்குவோர்க்கு ஒரு பாடம்

கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல் என்று நாம் வகுப்பில் படிக்கின்றோம். நெய்தலுக்குரிய தெய்வம், பறை, பண், தொழில் ஆகியவற்றை வரிசைப்படுத்தித் தேர்விலும் எழுதுகின்றோம். ஆனால் பல்கலைக்கழகத்திலிருந்து சில கல் தொலைவிலுள்ள சங்குமுகம் கடற்கரையில் நம்மை நிறுத்தி, “இந்த அலைகளுக்கு நடுவே மீன் எங்கே நிற்கிறது?” என்று ஒருவர் வினவினால், நம்முள் எத்தனை பேர் விடை கூறுவோம்? ஏட்டில் உள்ள நெய்தலை அறிந்தோம். எதிரில் உள்ள நெய்தலை அறியோம். இக்குறையைச் சிறிது நீக்கும் எண்ணத்துடன் இக்கட்டுரை எழுதப்படுகின்றது.

கரையில் நின்று, உடையும் அலைக்குள் தூண்டில் எறிந்து மீன் பிடிப்பதே நாம் இங்குக் கற்கப் போகும் கலை. இதற்குப் படகு வேண்டா; பெரும்பொருளும் வேண்டா. வேண்டுவன மூன்று: பொறுமை, கூர்ந்த பார்வை, கடலிடத்து அச்சம். மூன்றாவதே முதன்மையானது. ஏன் என்பது போகப் போக விளங்கும்.

1. இரு மீன்கள், இரு கடல்கள்

இக்கலை இன்று பெரிதும் போற்றப்படும் நாடுகளுள் ஒன்று அமெரிக்கா. அந்நாட்டின் அட்லாண்டிக் கரையில் ‘ஸ்டிரைப்டு பாஸ்’ என்னும் மீன் உண்டு. வெள்ளி நிற உடலில் தலைமுதல் வால்வரை ஏழெட்டுக் கருங்கோடுகள் ஓடும். நாம் அதனை வரிமீன் என்றே அழைப்போம். வாழ்நாளின் பெரும்பகுதியைக் கடலில் கழிக்கும் அம்மீன், முட்டையிடுவதற்கு ஆற்றின் நன்னீருக்கு ஏறிச் செல்லும். செசபீக் விரிகுடாவில் விழும் ஆறுகளும் அட்சன் ஆறும் அதன் பேறுகால இல்லங்கள். 1879ஆம் ஆண்டில் நியூ செர்சியிலிருந்து நூற்றுச் சொச்சம் மீன்களைப் புகைவண்டியில் ஏற்றிக் கண்டத்தைக் கடந்து கலிபோர்னியாவில் விட்டனர். இருபதே ஆண்டுகளில் அவை அக்கரையிலும் பெருகி வாணிகத்துக்கு வந்துவிட்டன. அவ்வளவு வளமிக்க மீன் அது.

அத்தகைய மீனும் அழிவின் விளிம்புக்கு வந்தது. 1970களின் இறுதியில் அட்லாண்டிக் கரையில் அதன் தொகை வீழ்ந்தது. 1984இல் அமெரிக்கப் பேரவை அதனைக் காக்கத் தனிச்சட்டம் இயற்றியது. மேரிலாந்து மாநிலம் சில ஆண்டுகள் அதனைப் பிடிப்பதையே தடை செய்தது. 1995இல் மீன்வளம் மீண்டது என்று அறிவித்தனர். ஆயினும் 2019இல் வெளிவந்த மதிப்பீடு, மறுபடியும் அளவு மீறிப் பிடித்துவிட்டோம் என்று கூறிற்று. ஆதலின் 2023இல், பொழுதுபோக்காகக் கடலில் தூண்டில் போடுவோர் 28 அங்குலத்துக்குக் குறைந்ததையும் 31 அங்குலத்துக்கு மேற்பட்டதையும் வைத்துக்கொள்ளலாகாது என்று விதித்தனர். சிறியதை விடுவது எளிதில் விளங்கும். பெரியதை ஏன் விடவேண்டும்? வரிமீனில் முப்பது பவுண்டுக்கு மேற்பட்டவை பெரும்பாலும் பெண்கள். மிகுதியான முட்டையிடும் தாய்கள் அவையே.

வரிமீன் நம் கடலில் இல்லை. ஆனால் அதன் இடத்தில் வைத்து எண்ணத்தக்க மீன் ஒன்று நம்மிடம் உண்டு, அதுவே கொடுவா. மலையாளத்தில் காளாஞ்சி என்பர். ஆத்திரேலியர் பாராமுண்டி என்று கொண்டாடுவதும் இதனையே. கொடுவாவின் வாழ்க்கை வரிமீனின் வாழ்க்கைக்கு நேர் எதிரானது. வரிமீன் முட்டையிட ஆற்றுக்கு ஏறுகின்றது. கொடுவாவோ காயலிலும் ஆற்றிலும் வளர்ந்து, முட்டையிட உப்புநீர் மிகுந்த முகத்துவாரத்துக்கு இறங்குகின்றது.

இன்னொரு வியப்பும் உண்டு. கொடுவா முதலில் ஆணாக முதிர்ச்சி பெறுகின்றது. சில ஆண்டுகள் கழித்து, நீளம் ஏறத்தாழ 80 செண்டிமீட்டரிலிருந்து ஒரு மீட்டரை எட்டும் பருவத்தில், பெண்ணாக மாறுகின்றது. எனவே நம் தூண்டிலில் சிக்கும் மிகப் பெரிய கொடுவா ஏறக்குறைய எப்போதும் ஒரு தாயாகவே இருக்கும். குவீன்சுலாந்தில் 58 செண்டிமீட்டருக்குக் குறைந்த கொடுவாவையும் 120 செண்டிமீட்டருக்கு மேற்பட்டதையும் பிடித்து வைத்துக்கொள்ள இயலாதபடி விதி செய்ததன் காரணம் இதுதான். இரு கடல்கள், இரு மீன்கள். கற்பிக்கும் பாடம் ஒன்று.

2. முதலில் இருந்து பார்

சென்ற ஆண்டு நானும் என் அறை நண்பனும் புதிய தூண்டிற்கோல் ஒன்றை வாங்கிக்கொண்டு பூந்துறைப் பக்கம் சென்றோம். கரையை அடைந்த இரண்டாம் நிமிடமே ஈயத்தை எறிந்தேன். எவ்வளவு தொலைவு விழுந்தது என்று பெருமிதத்துடன் நோக்கிக்கொண்டிருந்தபோது, அதுவரை கணுக்காலளவே வந்த அலை திடீரென இடுப்பளவு வந்தது. காலடி மணல் உருவப்பட்டு நான் சாய்ந்தேன். வலை உலர்த்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் ஓடிவந்து என் தோளைப் பற்றி மேலே இழுத்தார். இரைப்பெட்டி கடலுக்குப் போயிற்று. அவர் சினக்கவில்லை. “மக்களே, மொதல்ல இருந்து பாரு. பொறவு எறியலாம்” என்றார். கடற்கலையின் முதற்பாடம் அந்த ஒரு வரிதான்.

அன்று மாலை அவர் அருகில் அமர்ந்து கடலைப் பார்த்தோம். அலைகள் ஒரே அளவில் வருவதில்லை. சிறியன பல வந்த பின், பெரியன சில கூட்டமாக வருகின்றன. எனவே ஐந்து நிமிடம் பார்த்து முடிவு செய்வது தவறு. குறைந்தது இருபது நிமிடமாவது, உலர்ந்த மணலில் அமர்ந்து, மிகப் பெரிய அலை எதுவரை ஏறுகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். அக்கோட்டுக்கு மேலேதான் நம் பையும் பெட்டியும் இருக்கவேண்டும்.

பின்பு நீரின் நிறத்தைப் பார்க்கவேண்டும். மணற்கரையின் அடித்தளம் தட்டையானதன்று. கரைக்குச் சற்று அப்பால் மணல்மேடு ஒன்று இருக்கும். அதன்மீது அலை உடைந்து வெண்ணுரை எழும்பும். மேட்டுக்கும் கரைக்கும் இடையே ஆழமான ஓடை ஒன்று கரையை ஒட்டி ஓடும். அங்கு நுரை குறைந்து நீர் கருத்திருக்கும். உடையும் அலை மணலைக் கிளறிச் சிறு நண்டையும் புழுவையும் இறாலையும் வெளிப்படுத்துகின்றது. அவை அந்த ஓடைக்குள் விழுகின்றன. அவற்றைத் தின்னச் சிறுமீன் வருகின்றது. சிறுமீனைத் தின்னப் பெருமீன் வருகின்றது. ஆகவே மீன் பெரும்பாலும் நிற்கும் இடம் தொடுவானத்துக்கு அருகிலன்று; நம் காலடியிலிருந்து பதினைந்து முதல் நாற்பது மீட்டருக்குள் உள்ள அந்த ஓடையில்தான். புதிதாக வருவோர் மீனுக்கும் அப்பால் எறிந்துவிட்டு, மீனில்லை என்று வீடு திரும்புவர்.

மணல்மேட்டில் ஆங்காங்கே வாய்க்கால் போன்ற உடைப்புகள் இருக்கும். கரையில் ஏறிய நீர் முழுவதும் அந்த வாய் வழியாகக் கடலுக்குத் திரும்பும். இரு பக்கமும் அலை உடைய, நடுவே மட்டும் அமைதியாக, கலங்கிய நீர் நுரையோடு கடலை நோக்கி ஓடினால் அதுவே அவ்வாய் என்று அறிக. பாரையும் கொடுவாவும் இரைக்காகக் காத்து நிற்க விரும்பும் இடம் அது. குளிக்க இறங்குவோரைக் கடலுக்குள் இழுத்துச் செல்வதும் அதுவே. அலை இல்லாத அமைதியான இடம் என்று எண்ணித்தான் பலர் அங்கு இறங்குகின்றனர். மீனைத் தேடும் கண்ணுக்கும் உயிரைக் காக்கும் கண்ணுக்கும் பயிற்சி ஒன்றே. நீரைப் படிக்கக் கற்றவன் இரண்டையும் ஒருங்கே பெறுகின்றான்.

நீரோட்டத்தை நம் தென்கரையில் நீவாடு என்பர். எறிந்த ஈயம் ஓரிடத்தில் நில்லாது கரையோரமாக உருண்டு சென்றால், நீவாடு மிகுந்துள்ளது என்று பொருள். அன்று கனமான ஈயம் வேண்டும்; மிகவும் கடுமையாயின் வீடு திரும்பவேண்டும்.

3. கருவிகள்

நம் கரைச் சிறுவர் நைலான் நரம்பை ஒரு புட்டியில் சுற்றி, நுனியில் ஈயமும் முள்ளும் கட்டி, தலைக்கு மேல் சுழற்றி எறிவதைக் காணலாம். செலவு மிகக் குறைவு; மீனும் கிடைக்கும். தொடங்குவோர் இதனை இழிவென்று எண்ணவேண்டா. கடித்த மீனின் அசைவை விரல் நேரே உணர்வது இம்முறையில்தான்.

கோல் வாங்க விரும்புவோர் 10 முதல் 12 அடி நீளமுள்ளதை வாங்குக. கோல் நீளமாக இருப்பின், கரையோரம் உடையும் அலைக்கு மேலாக நரம்பைத் தூக்கிப் பிடிக்கலாம். ரீலில் 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் தடிமனுள்ள நைலான் நரம்பு 200 மீட்டர் இருந்தால் போதும். ஈயம் 60 முதல் 100 கிராம்.

இங்கு ஓர் எச்சரிக்கை. விசையோடு எறியும்போது மெல்லிய நரம்பு அறுந்தால் ஈயம் துப்பாக்கிக் குண்டுபோல் பாயும். ஒருவர் தலையில் பட்டால் உயிர் போகும். ஆதலின் நரம்பின் நுனியில் தடித்த முன்னரம்பு ஒன்றை இணைக்கவேண்டும். ஓர் அவுன்சு ஈயத்துக்குப் பத்துப் பவுண்டு தாங்கும் வலிமை என்பது வழக்கிலுள்ள கணக்கு. மூன்று அவுன்சு, அதாவது ஏறத்தாழ 85 கிராம் ஈயம் எனின், முப்பது பவுண்டு தாங்கும் முன்னரம்பு வேண்டும். அதன் நீளம் கோலின் நீளத்தைப்போல் இருமடங்கும், ரீலில் சில சுற்றுகளும் இருக்கவேண்டும்.

முடிச்சு ஒன்றை மட்டும் நன்கு பழகுக. நரம்பை முள்ளின் காதில் நுழைத்து, நரம்பின் மீதே ஐந்து முறை சுற்றுக. நுனியை, காதின் அருகே உண்டான சிறு கண்ணிக்குள் நுழைத்து, அதனால் ஏற்பட்ட பெரிய கண்ணிக்குள்ளும் செலுத்துக. எச்சிலால் நனைத்து மெல்ல இறுக்குக. நனைக்காமல் இறுக்கினால் உராய்வின் சூட்டில் நைலான் வலிமை இழக்கும். விடுதி அறையில் ஐம்பது முறை கட்டிப் பழகிய பின் கரைக்கு வருக; இருட்டில் கைகளே கட்டவேண்டியிருக்கும்.

முள்ளில் இருவகை உண்டு. வழக்கமான வளைமுள் ஒன்று. நுனி உட்புறமாகத் திரும்பிய வட்டமுள் மற்றொன்று. வட்டமுள் பெரும்பாலும் மீனின் வாயோரத்தில் மட்டும் மாட்டும். குடலுக்குள் இறங்குவது அரிது. விடவேண்டிய மீன் உயிரோடு திரும்ப இதுவே நல்வழி. வரிமீனுக்கு இரை வைத்துப் பிடிப்போர் வட்டமுள்ளையே பயன்படுத்தவேண்டும் என்று அமெரிக்காவில் விதி செய்துள்ளனர். வட்டமுள் கட்டியவர், மீன் கடித்தவுடன் கோலை வெடுக்கென்று இழுக்கலாகாது. நரம்பு இறுகும்வரை பொறுத்து, மெதுவாகச் சுற்றினால் முள் தானே மாட்டும்.

வேலை முடிந்ததும் கோலையும் ரீலையும் நன்னீரில் கழுவுக. உப்பைப் போன்ற பகை உலோகத்துக்கு வேறில்லை.

4. இரையும் எறிதலும்

இரை புதியதாக இருக்கவேண்டும் என்பதே விதி. இறால், கணவாய்த் துண்டு, சாளைத் துண்டு ஆகியவை யாவர்க்கும் கிடைக்கும். அலை பின்வாங்கும்போது ஈரமணலுக்குள் விரைந்து புதையும் சிறு நண்டுகளைக் கண்டிருப்பீர்கள். அவ்வோடையில் மேயும் மீன்களுக்கு இயல்பான உணவு அவையே. கொடுவாவுக்கு உயிருள்ள மடவைக் குஞ்சு சிறந்தது.

தொடங்குவோர் கிழங்கான் மீனிலிருந்து தொடங்குவது நன்று. கைநீளத்தினும் சிறிய, மணல்நிற மீன் அது, கரையருகே மேயும், சுவையில் சிறந்தது. அதன் வாய் சிறிது. ஆகவே முள்ளும் இரையும் சிறியனவாக இருக்கவேண்டும். ஈயத்தை நரம்பின் நுனியில் கட்டி, அதற்கு ஒரு முழத்துக்கு மேலே சிறு கிளையில் முள்ளைக் கட்டுவது போதும். கிழங்கானைப் பிடிக்கக் கற்றவன் கடலின் அரிச்சுவடியைக் கற்றவன். அதன் பின் பாரை. அதற்கும் பின் கொடுவா. முதல் நாளே கொடுவாவை நாடுவோர் நன்னூல் படியாமல் தொல்காப்பியத்தைத் திறப்பவரை ஒப்பர்.

எறியும் முறை வருமாறு. முதலில் பின்னால் திரும்பிப் பார்க்க. யாரும் இல்லை என்று உறுதி செய்க. இடக்கால் முன்னும் வலக்கால் பின்னும் வைத்து, ஈயம் கோலின் நுனியிலிருந்து ஒரு கோலளவில் பாதி தொங்கட்டும். வலக்கையால் தள்ளி, இடக்கையால் அடிப்பகுதியை நெஞ்சுநோக்கி இழுத்து, கோல் தலைக்கு மேல் சற்று முன்னே வரும்போது நரம்பை விடுக. வலிமையால் எறியவேண்டா, கோல் வளைந்து நிமிர்வதே எறியும். ஈயம் விழுந்த பின் தளர்ந்த நரம்பைச் சுற்றி, அடித்தளத்தை உணரும் அளவுக்கு இறுக்கி வைத்துக் காத்திருக்க. மீன் கடித்து, கரையருகே வந்ததும், வரும் அலையின் விசையைக் கொண்டு அதனை மணலில் ஏற்றுக. பின்வாங்கும் அலையோடு போரிட்டால் நரம்பு அறும்.

5. காலமும் இடமும்

திருவனந்தபுரக் கரையில் கடல் ஏறி இறங்கும் உயரவேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆதலின் திறந்த மணற்கரையில் ஏற்ற இறக்கத்தின் செல்வாக்கு அவ்வளவு மிகுதியன்று. ஆனால் காயலும் ஆறும் கடலொடு கலக்கும் பொழிகளில் அதுவே எல்லாம். நீர் இறங்கும்போது காயலின் சிறுமீனும் இறாலும் பொழி வாயில் வழியே அடித்து வரப்படும். பெருமீன் அங்கு வாய் திறந்து நிற்கும். காருவா, வெள்ளுவா நாள்களையொட்டி ஓட்டம் மிகும். பொழுதில் விடியற்காலையும் அந்திநேரமும் சிறந்தவை. ஆண்டில், தென்மேற்குப் பருவமழை ஓய்ந்த பின் கரை மணல் மீண்டும் சேரும் மாதங்கள் தொடங்குவோர்க்கு ஏற்றவை. சூன் முதல் ஆகத்து வரை மணற்கரையை அலை அரித்துச் செங்குத்தாக்கிவிடும். அக்காலத்தில் புதியவர்க்கு அங்கு வேலையில்லை.

இடங்களை நோக்குவோம். வலியதுறைக் கடற்பாலம் ஒரு காலத்தில் தூண்டில் போடுவோர் கூடும் இடமாக இருந்தது. பழைய பாலத்தை 1947இல் கப்பல் ஒன்று மோதி அழித்தது. 1956இல் புதியது கட்டப்பட்டது. அதுவும் கடலரிப்பால் நலிந்து 2024இல் இரண்டாகப் பிளந்தது. இன்று அதன்மேல் ஏறுதல் தகாது. ஆராட்டு நடைபெறும் சங்குமுகம் அண்மை ஆண்டுகளில் கடலரிப்புக்கு மிகவும் ஆளாயிற்று. கரை அகன்றிருக்கும் மாதங்களிலேயே அங்குச் செல்க. வேளியில் காயல் கடலொடு கலக்கும் பொழி உண்டு. மணல்திட்டு ஒருகால் மூடியும் ஒருகால் திறந்தும் இருக்கும். திறந்திருக்கும்போது அதனைக் கடக்க முயலாதீர். அதன் வடபால் தும்பா. மீனவச் சிற்றூராக இருந்த அவ்விடத்திலிருந்தே 1963ஆம் ஆண்டு நவம்பர் 21இல் இந்தியாவின் முதல் ஆய்வு ஏவூர்தி எழுந்தது. இன்று அது காவலுக்குட்பட்ட பகுதி. தெற்கே நெய்யாறு கடலொடு கலக்கும் பூவாறு, கொடுவாவின் இயல்பை அறிய ஏற்ற இடம். விழிஞ்ஞத்தில் 2025ஆம் ஆண்டு மே 2இல் தொடங்கிவைக்கப்பட்ட பெருந்துறைமுகத்தின் எல்லைக்குள் தூண்டிலோடு செல்லுதல் கூடாது. வடக்கே முதலப்பொழியில் அலைதடுப்புக் கற்களின்மேல் நிற்க நினைக்கவே வேண்டா. கடலோடு பிறந்து வளர்ந்த மீனவரே பலர் உயிரிழந்த வாய் அது.

இவ்விடங்கள் எல்லாம் நமக்குப் பொழுதுபோக்கும் இடங்கள்; அங்கு வாழ்வோர்க்குத் தொழிற்கூடங்கள். கரமடி என்றும் கம்பாவலை என்றும் கூறப்படும் பெருவலையைக் கரையிலிருந்து பலர் சேர்ந்து இழுக்கும்போது அதன் எல்லைக்குள் தூண்டில் எறிவது பெருங்குற்றம். அறுந்த முள் வலையில் சிக்கினால் இழுப்பவர் கையைக் கிழிக்கும். முதலில் வணங்கி, எங்கு நிற்கலாம் என்று கேளுங்கள். 2018ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் தம் படகுகளை லாரிகளில் ஏற்றிச் சென்று முன்பின் அறியாதவரைக் காத்தவர்கள் இக்கரையினர். கேட்டவர்க்கு இடமும் சொல்வர். மீனின் வழியும் சொல்வர். நெய்யாற்றுக்கு அப்பால் நீரோடியிலிருந்து தொடங்கும் குமரிக்கரை 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள்வரை இத்திருவிதாங்கூரோடு ஒன்றாய் இருந்தது. அங்கும் இங்கும் சாளை சாளையே, பாரை பாரையே. மொழிக்கு எல்லை வகுத்தனர். மீனின் பெயருக்கு வகுக்க இயலவில்லை.

6. கள்ளக்கடல்

இப்பாடத்தின் மிக இன்றியமையாத பகுதி இது. வானம் தெளிந்திருக்கும், காற்று இராது, கடல் திடீரெனப் பொங்கிக் கரையேறும். கள்வனைப்போல் சொல்லாமல் வருவதால் மீனவர் இதனைக் கள்ளக்கடல் என்றனர். பல்லாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் வீசும் புயற்காற்று எழுப்பிய நீண்ட அலைகள், சில நாள்கள் பயணம் செய்து நம் கரையை அடைவதே இதன் காரணம். மீனவர் வழங்கிய இச்சொல்லையே 2012இல் யுனெசுகோ ஏற்றுக்கொண்டது. ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் 2020 முதல் இதற்கென முன்னறிவிப்பு வழங்கி வருகின்றது. பெரும்பாலும் பருவமழைக்கு முந்திய மாதங்களிலேயே, கடல் அமைதியாகத் தோன்றும் அதே நாள்களில், இது வருகின்றது.

2024ஆம் ஆண்டு மே 6ஆம் நாள், குமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தனர். அவர்கள் நம்மைப் போன்றவர்களே. திருமணம் ஒன்றுக்கு வந்தவர்கள், கடலைக் காணச் சென்றனர். கள்ளக்கடல் எச்சரிக்கை முன்பே வெளிவந்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, அதனைப் படிக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. தேர்வு அட்டவணையை நாள்தோறும் பார்க்கும் நாம், கரைக்குச் செல்லும் நாளிலாவது கடல் அறிவிப்பைப் பார்க்கலாகாதா? ஐந்து இல்லங்களில் ஏற்றிய விளக்குகள் அணைந்த பின் எழுதப்படும் எந்தப் பாடமும் காலந்தாழ்ந்த பாடமே. இனியேனும் தாழாதிருக்கட்டும்.

எனவே பின்வருவனவற்றை விதியாகக் கொள்க:

தனியே செல்லாதீர், இருவராகச் செல்க, எங்குச் செல்கின்றோம் என்பதை விடுதியில் ஒருவரிடம் சொல்லிச் செல்க.

முழங்காலுக்கு மேல் நீரில் இறங்காதீர். மீன் நிற்பது அருகிலேயே என்று முன்னர்க் கூறியதை நினைவில் கொள்க.

ஈரமான பாறையில் நிற்காதீர். ஈரம் என்பது அலை அங்கு வந்து சென்றதன் சான்று.

கடலுக்கு முதுகு காட்டாதீர்.

ஓட்டத்தில் சிக்கிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாதீர். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி ஓட்டத்தினின்றும் விலகிய பின் கரை நோக்குக. நண்பன் சிக்கினால் குதிக்காதீர். மிதக்கும் பொருள் எதனையேனும் எறிந்து, கரையினரைக் கூவி அழைக்க.

கள்ளக்கடல் அறிவிப்பு உள்ள நாளில் விடுதியில் அமர்ந்து முடிச்சுப் பழகுக.

7. பிடித்த பின்

கடலிலிருந்து வருவதெல்லாம் உணவல்ல. பேத்தை மீன் நஞ்சுடையது. சமைத்தாலும் அந்நஞ்சு நீங்காது. கெளிற்றின் முள்ளும் திருக்கையின் வால்முள்ளும் கடும் வலி தரும். குத்திவிட்டால், பொறுக்கக்கூடிய அளவு சூடான நீரில் அவ்விடத்தை வைத்திருப்பது வலியைத் தணிக்கும். உடனே மருத்துவரிடம் செல்க. பெயர் தெரியாத மீனைக் கையால் தொடுமுன் அருகிலுள்ள மீனவரைக் கேட்க.

உண்ண வேண்டுமளவே எடுத்துக்கொண்டு மற்றவற்றை விடுக. விடும் மீனை ஈரக்கையால் பிடித்து, மணலில் புரளவிடாமல், நீரில் நேராகத் தாங்கி, அது தானே நீந்தும்வரை காத்திருக்க. கேரள அரசு 2015இல் பதினான்கு இனங்களுக்கும், 2017இல் அதனை விரித்து 58 இனங்களுக்கும், பிடிக்கத்தக்க குறைந்த அளவை வரையறுத்தது. சிறுமீனைக் காக்க விதி உண்டு. பெருங்கொடுவாவைக் காப்பது நம் உள்ளத்தின் விதியாக இருக்கட்டும். மடியில் முட்டையோடு முகத்துவாரத்துக்கு வந்த தாயைத் தூக்கிப் படம் எடுத்துக்கொள்வது ஒரு நாள் பெருமை. அவளை விட்டுவிட்டால், பின்வரும் மாணவர்க்கும் அக்கரையில் நிற்க ஒரு காரணம் இருக்கும். அறுந்த நரம்பையும் கரையில் விடாது சுருட்டிக்கொண்டு வருக, நைலான் மக்குவதில்லை.

முடிவுரை

நம்மை இழுத்துக் காத்த அப்பெரியவரை மீண்டும் ஒரு மாலையில் கண்டேன். அன்று அரைமணி நேரம் அமர்ந்து பார்த்துவிட்டு, கோலை உறையிலிருந்து எடுக்காமலே எழுந்தேன். “என்ன மக்களே, எறியல்லியா?” என்றார். “இன்று நீவாடு கூடுதல், ஐயா” என்றேன். அவர் சிரித்தார். இதுவரை எந்த ஆசிரியரும் அவ்வளவு நிறைவோடு எனக்கு மதிப்பெண் அளித்ததில்லை.

நண்பர்களே, நெய்தலைப் படிக்கக் கடற்கரைக்கு வாருங்கள். முதலில் இருந்து பாருங்கள், பிறகு எறியலாம்.